பச்சைத் தண்ணீரும் கூடாது

அந்த அட்டையை என் மருமகள் இரண்டு தடவை குப்பைக் கூடையில் போட்டாள். இரண்டு தடவையும் நான் போய் எடுத்து வந்தேன். "இது என்ன சொத்துப் பத்திரமா மாமி?" என்று கேட்டாள். கேட்கத்தான் செய்வாள். பார்த்தால் வெறும் பழைய காலண்டர் அட்டை. முன்பக்கம் என் அத்தாவின் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மளிகைக் கடைப் பெயர், அதற்கு மேலே வெளிறிப்போன ஒரு பூங்கொத்துப் படம், தேதித் தாள்கள் கிழித்து முடிந்த இடத்தில் இரண்டு ஆணித் துளை. திருப்பினால் சிவப்பு மையில் என் கையெழுத்து. "ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் வெறும் வயிற்றில் வரவும். காபி, டீ, தேன் கூடாது. பச்சைத் தண்ணீரும் கூடாது." கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். எழுதியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அந்த இரண்டு கோட்டின் மேல் அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தொண்ணூற்றேழிலிருந்து ஏழெட்டு வருஷம் நான் கொல்லிமலையில் லேப் வேலை பார்த்தேன். எங்கள் வீடு அடிவாரத்து ஊரில். காலையில் பஸ் ஏறி, காரவள்ளி தாண்டியதும் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு, எழுபது வளைவையும் கண்ணை மூடியபடி கடந்து செம்மேட்டில் இறங்குவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. அதன் பின்கட்டில் ஒற்றை அறை, ஒரு மைக்ராஸ்கோப், ரத்தக் குழாயைச் சுழற்றும் ஒரு பழைய மெஷின், ஒரு மேசை, நான். கடை ஓனர்தான் லேபுக்கும் ஓனர். என்னை மலைச் சனங்கள் "ரத்தம் எடுக்கிற அக்கா" என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, குத்துவது தெரியாமல் குத்துவேன். ராசியான கை என்று பெயர் வாங்கியவள்தான். அந்தக் கை என்னென்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அட்டை வந்த கதை. மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் சர்க்கரை பார்க்க வந்தார். வெறும் வயிற்றில் வாருங்கள், வேண்டுமானால் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மலையில் பல வீடுகளில் விடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரில் தேனை ஊற்றிக் கலக்கிக் குடிப்பது வழக்கம். மனுஷன் அப்படியே குடித்துவிட்டு வந்து கையை நீட்டியிருக்கிறார். அளவு எங்கேயோ போய் நின்றது. கீழே ஒரு டாக்டர் அதைப் பார்த்து மாத்திரை எழுதிக்கொடுக்க, நாலாம் நாள் அவர் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஓனர் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். அன்று சாயங்காலமே காலண்டர் அட்டையைத் திருப்பி எழுதி மாட்டிவிட்டேன். குடிக்க ஒரு வழி விட்டால் அதில் தேன் வந்து சேரும், அதனால் வழியையே அடைத்தாயிற்று. எந்தச் சோதனைக்குப் பட்டினி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஆளாளுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. சர்க்கரையோ மலேரியாவோ, யார் வந்து கேட்டாலும் தலையைத் தூக்காமல் விரலால் அட்டையைக் காட்டுவேன். அதற்குப் பிறகு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் வந்தார். நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி கொடுப்பவர், பெரிய ஊர்க்காரர். ஆறு பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கினார். மலைக்காற்றில் ஓடினால் மூச்சு பலப்படும் என்று கடைக்கடையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே ஒரு பெரிய நூல் மில், பெண்களுக்கென்று ஓட்டக் குழு ஒன்றை ஆரம்பிக்கப்போவதாகவும், பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் வைத்து முதல் மூன்று பேருக்கு நிரந்தர வேலையும் குடியிருக்க குவார்ட்டர்ஸும் கொடுக்கப்போவதாகவும் பேச்சு. அந்த ஓட்டத்தில் ஒரு புது விதி இருந்தது. ஓட்டத்தன்று காலையில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம். வெளிநாட்டுச் சைக்கிள் பந்தயக்காரர்களுக்குக் கொண்டுவந்த விதியாம் அது. ரத்தம் அளவுக்கு மேல் தடித்திருந்தால் ஓட விடமாட்டார்கள். அதற்கு ஒத்திகையாக வெள்ளிக்கிழமைதோறும் நான் ஏரி வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் விரலில் குத்தி அளவு பார்க்க வேண்டும் என்று ஓனரிடம் பேசி முடித்தார். கையோடு லேபுக்கு ஒரு புது மெஷினும் வாங்கிக் கொடுத்தார். ஓனருக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சோதனை பெரிய வித்தை இல்லை. ஊசி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாயில் சொட்டு ரத்தம் ஏற்றி, அடியை அடைத்து, மெஷினில் வைத்துச் சுழற்றினால், ரசத்தில் பருப்பு அடியில் தங்கித் தெளிவு மேலே நிற்கிற மாதிரி, சிவப்பு கீழேயும் மஞ்சள் நீர் மேலேயுமாகப் பிரிந்துவிடும். நூறு பங்கில் சிவப்பு எத்தனை பங்கு என்று பார்ப்பதுதான் கணக்கு. அந்த ஓட்டத்தில் பெண்களுக்கு நாற்பத்தேழு வரை விட்டிருந்தார்கள். சிவப்பு கூடக்கூட மூச்சுக்காற்றை அதிகம் சுமக்கும், சீக்கிரம் களைக்காது. அதைக் கூட்டுவதற்கு ஓர் ஊசி இருக்கிறது. சிறுநீரகம் பழுதாகி ரத்தம் ஊறாதவர்களுக்குப் போடுவது. உயிர் காக்கிற மருந்து. அதை நல்ல உடம்புக்காரர்களுக்குப் போட்டால் ரத்தம் கூழாகி நெஞ்சை அடைத்துவிடவும் கூடும். இதெல்லாம் படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெரியாதென்று நான் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

இனி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துச் சிற்றூரின் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் ஆயா. ஆயா என்றதும் நரைத்த தலையை நினைக்காதீர்கள், இருபத்துநாலு வயதுதான். ஊரே ஆயா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். புருஷன் போர்வெல் லாரியில் வடக்கே போனவன், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பான். மூன்று வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோது இவள் வீட்டிலிருந்து பால்வாடிக்கு ஓடுவாள், உலையை ஏற்றிவிட்டுத் திரும்ப ஓடிவந்து பால் கொடுப்பாள், மறுபடி ஓடுவாள். "மாருல பால் கட்டிக்குமுங்க அக்கா. நடந்தா நேரமாயிருமுங்க, அதான் ஓடறது" என்று ஒரு நாள் சொன்னாள். அப்படிப் பழகிய கால். பால்குடி மறந்த பிறகும் கால் நிற்கவில்லை.

மாஸ்டரின் பிள்ளைகள் ஏரிச் சாலையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது, சேலையைத் தூக்கிச் செருகி, கையில் பால்வாடித் துணிப்பையோடு இவள் அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறாள். மாஸ்டர் விடுவாரா? மறுநாளே கூப்பிட்டு ஒரு ஜோடி பழைய ஷூவைக் கொடுத்து, தினமும் காலையில் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடச் சொன்னார். அவளை ஜெயிக்க வைப்பதற்காக இல்லை. அவளைத் துரத்தி ஓடினால் தன் பிள்ளைகளுக்கு வேகம் வரும் என்பதற்காக. ஓட்டத்துக்கு அவள் பெயரையும் கொடுத்துவைத்தார், அதுவும் அங்கேயும் முன்னால் ஓடி இழுத்துப் போவதற்குத்தான். ஊசி அவளுக்கு மட்டும் கிடையாது. "உனக்கெதுக்கும்மா சத்து ஊசி? உன் ரத்தமே போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். விலை கூடிய மருந்தை வழித்துணைக்கு வந்தவளுக்கு யார் செலவழிப்பார்கள்? மற்ற ஆறு பேருக்கும் அது வெறும் சத்து ஊசி என்றுதான் சொல்லியிருந்தார். பாவம், அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஒரு நீல அட்டை நோட்டில் வாராவாரம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆயா நாற்பத்துநாலு. அடுத்த வாரம் நாற்பத்துநாலு. அதற்கடுத்த வாரம் நாற்பத்துமூன்றரை. மற்ற பிள்ளைகள் முப்பத்தொன்பதில் ஆரம்பித்து, நாற்பத்தொன்று, நாற்பத்துநாலு, நாற்பத்தேழு, நாற்பத்தொன்பது என்று படியேறினார்கள். "என்ன மாஸ்டர் இப்படி ஏறுது?" என்று கேட்டேன். "மலைக்காத்து சிஸ்டர், மலைக்காத்து" என்றார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு ஏறாத காற்று, நேற்று வந்தவர்களுக்கு மட்டும் ஏறுமா என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அதே வாரம் மருந்துக் கடை ஃபிரிட்ஜில் தடுப்பூசி மருந்தைத் தேடும்போது அந்த ஊசிப் பெட்டியைப் பார்த்தேன். மலையில் சிறுநீரக நோயாளி ஒருவர்கூட அப்போது எங்களிடம் மருந்து வாங்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினேன். புது மெஷின் சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருந்தது.

ஆயா வெள்ளிக்கிழமைகளில் என்னோடு ஏரிக்கரைவரை நடந்து வருவாள். வாய் ஓயாது. மில் குவார்ட்டர்ஸில் குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருமாமே என்பாள். மகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம், வேலைக்குப் போகிற நேரத்துக்கு அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்துக்கொள்ளமாட்டார்களா என்பாள். "அந்த மனுசன் வந்தா வரட்டுமுங்க, வராட்டிப் போகட்டும். எனக்குன்னு ஒரு ஊடு இருந்தாப் போதுமுங்க" என்பாள். மூன்று பேரில் ஒருத்தியாக வந்தால் போதும் அவளுக்கு. கடைசி இரண்டு வாரங்களில் ஊசி போட்ட பிள்ளைகளில் இரண்டு பேர்தான் அவளை எட்டிப் பிடித்தார்கள். மூன்றாமிடம் அவளுடையது என்று மாஸ்டருக்கே தெரிந்துவிட்டது. அவர் முகம் அதற்கப்புறம் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஓட்டத்துக்கு முந்தின நாள். செம்மேட்டில் சந்தை, லேபில் நிற்க இடமில்லை. காய்ச்சல்காரர் ஒருவர் பெஞ்சில் படுத்திருக்கிறார், ஒரு குழந்தை கத்துகிறது. கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆயாவின் குரல். "ஏனுங்க அக்கா, நாளைக்குக் கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்கறாங்களாமா. பெரிய டெஸ்ட்டாமா. எதாச்சும் சாப்புட்டு வரலாமுங்களா?" ஏரி வீட்டில் நான் செய்ததெல்லாம் அவளுக்கு விரல்குத்து. இது வேறு, கையில் கயிறு கட்டி எடுப்பது, லேபில் எடுக்கிற மாதிரி. அதனால்தான் கேட்க வந்திருக்கிறாள். நான் தலையைத் தூக்கவில்லை. விரலை மட்டும் தூக்கி அட்டையைக் காட்டினேன். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டாமலே வாசிப்பாள். "சரிங்க அக்கா, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அன்று ராத்திரியே மாஸ்டரோடு கீழே போய்விட்டேன். அந்த ஆறு பிள்ளைகளும் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். என்னை எதற்குக் கூப்பிட்டார் என்பது விடிந்ததும் தெரிந்தது. நாலு பேருக்கு அளவு நாற்பத்தேழுக்கு மேல். ஆளுக்கு ஒரு பாட்டில் உப்புநீர் ஏற்ற வேண்டும். கெட்டியான குழம்பில் தண்ணீர் விளாவுவது போலத்தான், பருப்பு அப்படியே இருக்கும், பார்வைக்கு நீர்த்துவிடும். "உங்க கை நல்ல கைன்னு சொன்னாங்க சிஸ்டர்" என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருக்கலாம். நான் ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, நாலு கையிலும் நரம்பு பார்த்து ஏற்றினேன். ஒரு பிள்ளைக்கும் வலிக்கவில்லை.

ஆயா மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாக வந்தாள். மலையில் எத்தனை மைல் என்றாலும் நடப்பாளே ஒழிய பஸ் அவளுக்குப் பழக்கமில்லை. எழுபது வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஓட்டம் நடக்கவிருந்த கல்லூரி மைதானத்தில் ரத்தம் எடுக்க வரிசை நின்றுகொண்டிருந்தது. வெயில் ஏறிவிட்டது. உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, கண் உள்ளே போய், ஆனால் முகம் நிறையச் சிரிப்போடு என்னிடம் வந்தாள். "அக்கா, நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்புட்டதுங்க. பச்சத்தண்ணி பல்லுல படலீங்க" என்றாள். வீட்டுப்பாடத்தைச் சரியாக முடித்த பிள்ளையின் குரல்.

விடியற்காலையில் நாலு பேருக்குத் தண்ணீரை ஏற்றி ரத்தத்தை இளக்கிய எனக்கு, ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறங்காத ரத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாதா? குழம்பு சுண்டினால் கெட்டியாகும் என்று தெரியாத பொம்பளை உண்டா? அவள் பையிலேயே ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. உட்கார், கடைசியாகப் போ, மெதுவாக அதைக் குடித்து முடி என்று சொல்ல அரை நிமிஷம் போதும். மாஸ்டர் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்துநாலு எங்கே, நாற்பத்தேழு எங்கே, ஒன்றும் ஆகாது என்று என் மனசை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். "போ, வரிசையில நில்லு" என்றேன்.

நாற்பத்தேழரை வந்தது. அரைப் புள்ளி. இரண்டு செம்புத் தண்ணீரில் கரைந்து போயிருக்கும் அரைப் புள்ளி. மாஸ்டரின் ஆறு பிள்ளைகளும் தேறிவிட்டார்கள்.

ரத்தம் பார்த்தது ஒரு வயதான டாக்டர், நல்ல மனுஷர். ஆயாவைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்கு நீ தப்புச் செய்தாய் என்று அர்த்தமில்லையம்மா, உடம்புக்கு ஆகாது என்றுதான் ஓடவேண்டாம் என்கிறோம் என்று விளக்கினார். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை, மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றாள். டாக்டருக்கே மனசு கேட்கவில்லை. மாஸ்டரைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு முன்னாடி எடுத்த அளவு ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா? இருந்தாக் காட்டுங்க, சாயங்காலம் ஓட்டத்துக்குள்ள இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம்" என்றார். நீல நோட்டு என் கைப்பைக்குள் இருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அப்படி எதுவும் இல்லீங்க டாக்டர்" என்றார். பிறகு என்னைத் தள்ளிக்கொண்டுபோய் மெல்லிய குரலில், "நோட்டைக் காட்டினா அவளோட நாப்பத்துநாலு மட்டுமா தெரியும்? மத்தவங்களோட நாப்பத்தொன்பதும் தெரியும். காலையில யார் கையால ஏத்தினதுன்னும் கேப்பாங்க" என்றார். மிரட்டியது மாதிரி இல்லை. நல்லது சொல்வது மாதிரி சொன்னார். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆயா என்னையே பார்த்தபடி நின்றாள். விரல்குத்தும் அக்கா ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருப்பாள். சாயங்காலம் ஓட்டம் நடந்தது. முதல் மூன்று பேரும் மாஸ்டரின் பிள்ளைகள். மூன்றாவதாக வந்தவள், மலையில் ஆயாவுக்குப் பின்னால் எப்போதும் முக்கால் பர்லாங் தள்ளி வருகிறவள்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஆயா ஊசி போட்டு மாட்டிக்கொண்டாள் என்று செய்தி அவளுக்கு முன்னால் பஸ் ஏறி மலைக்குப் போய்விட்டது. ஊசி போடாத ஒருத்திக்கு அந்தப் பெயர். பால்வாடியில் இரண்டு தாய்மார்கள், ரத்தம் கெட்டவள் கையால் எங்கள் பிள்ளைக்குச் சோறு வேண்டாம் என்றார்களாம். வேலை போகவில்லை, ஆனால் சமையலிலிருந்து எடுத்துக் கூட்டிப் பெருக்க விட்டுவிட்டார்கள். ஷூவை அவள் மாஸ்டரின் ஏரி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தபோது அந்த வீடு காலியாகிப் பூட்டிக் கிடந்ததாம். அதன் பிறகு அவள் ஓடி யாரும் பார்க்கவில்லை. லேப் பக்கமும் வரவில்லை. சந்தையில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். வெட்கம் அவளுக்கு. எனக்கு வரவேண்டியதை அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

நான் செய்த வீரச்செயல்கள் இரண்டு. ஓட்டத்துக்கு மறுநாள் லேபுக்குப் போனதும் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று எழுதி மாட்டினேன். "சர்க்கரைப் பரிசோதனைக்கு மட்டும் வெறும் வயிற்றில் வரவும். தண்ணீர் குடிக்கலாம்." இரண்டாவது, அந்த வாரத்திலேயே நீல நோட்டை அடுப்பில் போட்டேன். அத்தா திடீரென்று என் பின்னால் வந்து நின்று, என்ன எரிக்கிறாய் என்று கேட்டார். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "ஈமான் இருந்திருந்தா, அல்லா மேல நம்பிக்கை இருந்திருந்தா, அங்கயே பேசிருப்பே" என்றார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று வருஷம் கழித்து ஒரு காலையில் ஆயா லேப் வாசலில் நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு மகள், ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் ரத்த வகை கேட்டார்களாம். நான் ஊசியை எடுத்து வைக்கும்போது குழந்தை, "அம்மா, தண்ணி" என்றது. "பொறு சாமி, டெஸ்ட்டு முடியட்டும்" என்றாள். குழந்தையின் உதட்டைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ராத்திரியிலிருந்து அதற்கும் எதுவும் கொடுக்காமல் கூட்டி வந்திருக்கிறாள். என் அட்டை அவள் மனசில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குள் அவள் சுவரைப் பார்த்துவிட்டாள். உதடு அசைய வாசித்தாள்.

"தண்ணி குடிக்கலாமுன்னு போட்டிருக்குதுங்களே?"

"ஆமா, கண்ணு."

"முன்னாடி கூடாதுன்னு இருந்துச்சுங்க."

"ஆமா."

"எப்பங்க அக்கா மாத்துனீங்க?"

பொய் சொல்ல இடமிருந்தது. போன மாசம் என்றால் தீர்ந்தது. மூன்று வருஷமாக வாயை மூடியே பழகியவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. ஏனோ, குழந்தையின் காய்ந்த உதடு அதற்கு விடவில்லை. "நீ ஓடாம திரும்பி வந்தியே, அதுக்கு மறுநாள்" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்றேன். லாட்ஜில் நான் ஏற்றிய பாட்டில்களைச் சொன்னேன். நாற்பத்துநாலு, நாற்பத்துநாலு, நாற்பத்துமூன்றரை என்று அவள் கணக்கை ஒப்பித்தேன். அவள் குழந்தையின் தலைமுடியைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

"அந்த நோட்டு இருக்குதுங்களா?"

"எரிச்சுட்டேன்."

கோதிய கை நின்றது. அவள் கத்துவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பேன். "மூணு வருசமா நான் என்ற ரத்தத்தைத்தானுங்க பழிச்சுட்டு இருந்தேன்" என்றாள். "என்னமோ கெட்டது கலந்திருக்குது, புள்ளைக்கும் வந்துருமோன்னு பயமுங்க. இவளை ஓடவே உடறதில்லை. ஓடுனா அடிச்சிருக்கேனுங்க."

மேசையில் என் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதை நகர்த்திவைத்தேன். அவள் தொடவில்லை. வெளியே டீக்கடைக்குப் போய் ஒரு டம்ளர் வாங்கிவந்து குழந்தையைக் குடிக்க வைத்தாள். பிறகு குழந்தையின் விரலை அவளே பிடித்து என்முன் நீட்டினாள். குழந்தை வீலென்று அழுதது. எத்தனையோ ஆயிரம் விரல் குத்தியவள் நான், அன்றைக்குத்தான் என் கை வலிக்கும்படி குத்திவிட்டது. ரத்த வகையை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது ஸ்டாண்டில் பஸ் ஹாரன் அடித்தது. "ஓடு சாமி, பஸ்ஸு போயிரும்" என்றாள். அந்தக் குழந்தை ஓடவில்லை. அம்மா நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. "ஓடுன்னு சொல்றேனில்ல" என்று முதுகைத் தட்டிய பிறகுதான் ஓடியது. ஆயா பின்னால் நடந்து போனாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வரவில்லை. ரத்தம் பார்க்க நாமக்கல் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

மாஸ்டரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நன்றாக இருக்கிறார். போன வருஷம் பேப்பரில் மாலையும் கழுத்துமாக ஒரு படம் பார்த்தேன், ஏதோ பள்ளிக்கூட விளையாட்டு விழா, சிறப்பு விருந்தினர். அவர் பெயரை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் இல்லை. பெயரில்லாமல் எழுதிவிட்டு, சொல்லிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது என்னிடம் ஏராளமாக இருக்கிறது.

இப்போது மகன்தான் அடிவாரத்து ஊரில் லேப் வைத்திருக்கிறான். ஃபோனை நான் எடுப்பேன். காலையில் வருகிறோம், தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்பார்கள். குடியுங்கள், வயிறு முட்டக் குடியுங்கள் என்று நான் சொல்வதைக் கேட்டு மருமகள் சிரிப்பாள். அவள் ஊருக்குப் போயிருக்கிற இந்த வாரத்தில் அட்டையை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். வைக்கும் முன் ஒரு தடவை துடைத்தேன். நோட்டை எரிக்கத் தெரிந்தவளுக்கு இதை எரிக்கத் தெரியாமல் இல்லை. எரித்தால், ஆயாவைத் தவிர இதை ஞாபகம் வைத்திருக்க எதுவும் மிச்சமிருக்காது. பூங்கொத்துப் படம் முழுக்க வெளுத்துவிட்டது. பின்பக்கத்து எழுத்தும் மங்கிவிட்டது. கோடு இரண்டும் மட்டும் தெரிகின்றன, கொஞ்சமும் கோணல் இல்லை.